பத்தொன்பதாவது பை

ஏழு வருடம் சம்பூர்ப் பக்கம்
முழங்காலில் நின்று நிலம் கிளறியவள் நான்.
பெயர் தெரியும் வரைக்கும்
எந்தத் தகரமும் வெடிதான்.
எனக்குச் சோறு போட்ட பாடம் அது.

இப்போது உட்துறைமுக வீதியில்
கூரையில்லாத ஒரு வளவு.
ஒல்லாந்தர் காலத்து வீடாம்.
இங்கே வெடி இல்லை அக்கா, பயப்படாமல் தோண்டலாம் என்றார்
பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நிருஜன்.
சொன்னால் கை கேட்குமா?
டிடெக்டர் முதலில் கத்தியதுமே
மூச்சைப் பிடித்து, பக்கவாட்டில், விரல் விரலாய்
மண் எடுத்தேன்.
வந்தது மீன் டின் மூடி.
அவர் சிரித்தார். நானும்தான், கொஞ்சம் பிந்தி.

பிணைச்சல் இரண்டு.
சதுரத் தலை ஆணிகள், எண்ணவில்லை, ஒரு உரப்பை.
பல் தேய்ந்த திறப்பு ஒன்று.
செப்புக்காசை நான் தேசிக்காயால் தேய்க்கப் போக
பதறிப் பறித்துக்கொண்டார்.
நனைத்து, வெயிலுக்குச் சாய்த்தால்
மூன்று எழுத்து
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது.

ஈயக் குண்டில்தான் சண்டை.
துவக்குக் குண்டு என்று பையில் எழுதியே விட்டார்.
ஆணிக்கு விலை பேச வந்த
பழைய இரும்புக்கடை மர்சூக் நானா
அதை வாங்கி, உள்ளங்கையில் உருட்டி,
ஈர்க்கால் மண்ணைக் குத்தி எடுத்தார்.
நடுவே ஓட்டை.
"வீச்சுவலைக் குண்டு தம்பி.
இதால மீனத்தான் சுடலாம்."
நிருஜன் வெட்டி எழுதினார். நல்ல பிள்ளை.

பின்னேரம், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவில்
மெல்லிசாய் ஒரு சத்தம்.
பெருவிரல் அகலம், உருண்டை, பக்கத்தில் சின்ன நாக்கு.
காந்தம் பிடித்தது.
என் நெஞ்சு சொன்னதை வெளியில் சொல்லவில்லை.
மணிக்கூட்டு உறுப்பு என்றார் நிருஜன்.
நானா உதட்டைப் பிதுக்கினார்.
நகத்தால் நாக்கைத் தூக்கினேன்.
எப்படித் தூக்குவதென்று
என்னைவிட முதல் நகத்துக்குத் தெரிந்திருந்தது.
பொபின் கேஸ்.
தையல் மெஷினின் வயிற்றுக்குள் இருப்பது.

உள்ளே பொபின், நூலோடு.
மேல் சுற்றுகள் கறளோடு கறளாய் உதிர்ந்தன.
அடியில் இரண்டு விரல் நீளம் வந்தது,
நீலம்.

"நூறு வருடத்துக்கு உட்பட்டது பட்டியலில் வராது அக்கா."
மரியாதையாகத்தான் சொன்னார்.
யார் இருந்தார்கள் இங்கே?
"இடையில் யாரோ வாடகைக்கு."
இடையில்.
யாரோ.
நீலத்தில் எதைத் தைத்து, எந்த மடிப்போடு விட்டு ஓடினார்களோ.
அல்லது ஓடவேயில்லை,
சும்மா தொலைத்து, நாலு நாள் தேடி,
கடையில் வேறு வாங்கினார்களோ.
அதுவும் நடக்கிறதுதானே.
என் அக்கா மூன்று தொலைத்தவள்.

பதினெட்டுப் பை அவருடையது.
பத்தொன்பதாவதில் நானே எழுதினேன்:
பொபின் கேஸ். நூல் நீலம். ஆழம் ஒரு சாண்.
ஆபத்து என்ற கட்டம் அவருடைய துண்டில் இல்லை.
பழக்கத்தில் நானே கோடு கீறி
இல்லை என்று எழுதினேன்.
கையெழுத்து வைக்கத்தான்
கொஞ்சம் நேரம் எடுத்தது.