அழைத்தால் வருவான்

நாற்பத்திரண்டு மீட்டர் உயரத்தில் என் வகுப்பறை.
காலடியில் கண்ணாடி,
கண்ணாடிக்குக் கீழே கிடினியா துறைமுகம்,
இரவு ஒன்றரை மணி,
பிளாஸ்க்கில் பாதி பீட்ரூட் சூப்.

கீழே, கப்பல் தளத்தில், கிராட்சியான்.
கன்டெய்னருக்கும் கன்டெய்னருக்கும் நடுவே
திருகுப் பூட்டு மாட்டுகிறவன்.
இரவெல்லாம் இரும்பை இரும்போடு சேர்ப்பவனுக்கு
வாக்கியத்தை வாக்கியத்தோடு சேர்க்க வராது.

மார்ச்சில் தேர்வு.
தேறினால் எனக்குத் திட்ட அறையில் ஒரு நாற்காலி,
அவனுக்கு முதுகு வலிக்காத ஏதோவொரு வேலை.
ஆகையால்
பால்டிக் காற்று எல்லை தாண்டிக்
கிரேன்கள் நிற்கும் இரவுகளில்
வயர்லெஸ்ஸில் ஏழாம் அலைவரிசைக்குப் போய்விடுவோம்.

"ஆல்தோ முன்னால் வந்தால் பட் பின்னால் வராது,
எத்தனை தடவை சொல்வது?"
"ஏன், ரெண்டும் இருந்தால் உறுதிதானே, லுடோமிரா?"
"ஒரு மூலையில் ரெண்டு பூட்டு வைத்துப் பார்.
பெட்டி உட்காருமா?"
அது புரிந்தது அவனுக்கு.
நெவர்தலெஸ் மட்டும் அவன் வாயில்
வழிதவறி வந்த ஏதோ நார்வே கப்பலின் பெயர்.

மரபுத்தொடர் என்றால் குஷி.
சுலபமான வேலை அவர்களுக்கு ஒரு துண்டு கேக்,
நமக்கு வெண்ணெய் தடவிய பன்.
"பணக்காரப் பயல்கள்" என்று சிரித்தான்.
எப்போதோ நடப்பது அங்கே நீல நிலவுக்கு ஒருமுறை,
இங்கே ரஷ்ய வருஷத்துக்கு ஒருமுறை.
செத்தவன் அங்கே வாளியை உதைக்கிறான்,
இங்கே மண்ணுக்குள்ளிருந்து பூவை முகர்கிறான்.
அதற்கு அவன் சிரிக்கவில்லை.
வயர்லெஸ் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

நூற்றுப் பதினாலாம் பக்கம்.
எங்கள் போலிஷில் 'க்டிபி' என்று ஒரே சொல்;
இன்னும் நடக்கக்கூடியதும்
நடக்காமலே போனதும்
ஒரே கொக்கியில் தொங்கும், ஈரக் கோட்டுகள் மாதிரி.
ஆங்கிலக்காரன் பிரித்து வைத்திருக்கிறான்:
தாழிடாத கதவுக்கு ஓர் இலக்கணம்,
ஆணி அடித்த கதவுக்கு வேறொன்று.

"ஆணி அடித்ததில் ஒரு வாக்கியம் சொல் பார்ப்போம்."

காற்று மைக்கை உரசியது.
அப்புறம் அவனுடைய ஆங்கிலம், சொல் சொல்லாக:
"அன்று ராத்திரி நான் தம்பியை அழைத்தால்
அவன் படகை விட்டு வருவான்."

தம்பி டோபியாஷ்.
ஹெல் முனையிலிருந்து கிளம்பிய மீன்பிடிப் படகு, நவம்பர்.
துறைமுகம் முழுக்கத் தெரிந்த சேதி.
கரைக்கு வந்தது ஒற்றை மஞ்சள் பூட்ஸ்.
மண்ணும் இல்லை அவனுக்கு,
முகரப் பூவும் இல்லை.

பென்சில் என் கையில்.
பிழை பளிச்சென்று தெரிந்தது.
அழைத்திருந்தால்.
வந்திருப்பான்.
இரண்டே இடம்தான்.
இரண்டும் ஆணி.

இரண்டு பக்கம் தள்ளி,
சிந்திய பாலுக்கு அழுது பயனில்லை என்று
ஒரு தொடரும் அடிக்கோடிட்டுத் தயாராக இருந்தது.
பக்கத்தைத் திருப்பவில்லை நான்.

"சரி" என்றேன்.
"நிஜமாகவா? காலம் சரியா?"
"சரி. அடுத்தது."

நாலு மணிக்குக் காற்று அடங்கியது.
பெட்டியை இறக்கினேன்.
அவனுடைய நெற்றி விளக்கு
மூலைக்கு மூலை நகர்ந்து போனது,
நாலு பூட்டு, நாலு கிளிக்;
அத்தனை உயரத்தில் எனக்கு எதுவும் கேட்காது,
இருந்தாலும் கேட்டேன்.

தேர்வில் முப்பத்தோராவது கேள்வி அதேதான்.
யாரோ ஒரு பீட்டர், தவறவிட்ட ஒரு ரயில்.
பிடித்திருந்தால், சேர்ந்திருப்பான் என்று
நான் பிழையில்லாமல் எழுதினேன்.
ஒரு மதிப்பெண்.

இரண்டு வரிசை முன்னால் அவன் முதுகு.
நான் சரி என்று சொன்ன தப்பு
அவன் தலைக்குள் பத்திரமாக இருந்திருக்கும்.
அவன் பேனா நின்றது,
கண்காணிப்பாளர் இரண்டு தடவை கடந்து போகும்வரை.
பிறகு எழுதினான்.

என்ன எழுதினான் என்று
இன்னும் கேட்கவில்லை.