பக்கம் 47

மூன்று ஆய்வேடுகள் சொல்கின்றன:
துறைமுகக் கூலிகள் அந்த வருஷம்
பதினொரு நாள் மூட்டை தூக்கவில்லை.
மூன்றுக்கும் ஒரே அடிக்குறிப்பு.
தீபாவளி மலர், 1931, பக்கம் 47.

மின்டன் நூலகம், மழை,
சன்னலில் பாலத்தைக் காணோம்.
நுண்படச் சுருளை மாட்டிவிட்டு
“பெலான்-பெலான்” என்று போனார்
புவான் ரொஹைடா.

மெல்லத்தான் உருட்டினேன்.
47 வந்தது.
கூந்தல் தைலம்.
முழங்கால்வரை முடி விட்ட ஒருத்தி சிரிக்கிறாள்,
புட்டி முப்பது காசு.
46இல் ஒரு துணிக்கடையின் வாழ்த்து.
48இல் தேர் புறப்படும் நேரம்.
அட்டைமுதல் அட்டைவரை
கூலி என்ற சொல்லே இல்லை.

முதலாமவர் எண்ணை மாற்றி எழுதியிருக்கலாம்,
மலரையே மாற்றியிருக்கலாம்.
இரண்டாமவர் அவரைப் பார்த்து எழுதினார்.
மூன்றாமவர் இவரைப் பார்த்து.
இருபத்தாறு வருஷமாய்த்
தைலக்காரி சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வாய்விட்டுச் சிரித்தேன்.
அப்புறம்தான் உறைத்தது,
போன பருவத்துக் கட்டுரை.
யோகமலரிடம் இரவல் வாங்கிய மூன்றாவது ஏடு,
விடிந்தால் கெடு,
மெகி மீ ஆறிக்கொண்டிருக்க
நானும் போட்டேன், குறிப்பு ஒன்பது,
கண்ணால் கண்டவள் மாதிரி.
‘ஏ’ கொடுத்தார்கள்.

இப்போது அதை அடித்துவிட்டால்
அந்தப் பதினொரு நாளும்
அவர்கள் வேலைக்குப் போனதாகிவிடுமா?

மூடப் பத்து நிமிஷம் என்றார் புவான்.
வேறு சுருள் வேண்டும் என்றேன்.
எந்த வருஷம்?
தெரியாது.
முப்பதிலிருந்து தொடங்குகிறேன், நாளைக்கு.