இருநூற்றுப் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் இடையில்

தலைச் சுற்றளவு ஐம்பத்தொன்று.
நடுத்தரத் தொப்பி போதும்.
முப்பத்திரண்டு துளைகளிலும்
மழுங்கிய ஊசியால் பசை விட்டுக்கொண்டிருந்தேன்.
யதுமிகா கேட்டாள்:
“மிஸ், இது காஞ்சா தல நரைக்குமா?”

உன்னிச்சைக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம்.
தந்த அறையில் பாதி நூலகம், பாதி உடைந்த மேசைகள்.
ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிள் டாங்கியில்
கருவியைக் கட்டிக் கொண்டுவந்த றினோஸ்
மின்விசிறியை நிறுத்தினான், விளக்கை நிறுத்தினான்,
கடைசியில் மெயின் சுவிட்சையே இறக்கினான்.
மின்சாரம் ஓடும் சுவரெல்லாம்
ஐம்பது ஹேர்ட்ஸில் முணுமுணுக்கும்.
மூளையின் பேச்சைவிட அது உரத்தது.

வேலை எளிது.
டிக் என்றால் சும்மா இரு.
டொங் என்றால் பொத்தானை அமத்து.
இருநூற்று நாற்பதில் நாற்பத்தெட்டு டொங்.
ஒவ்வொன்றுக்கும் முந்நூறு மில்லிசெக்கனில்
உச்சிக்குச் சற்றுப் பின்னே ஓர் அலை எழும்ப வேண்டும்.
ஒன்பது வயதில் கொஞ்சம் பிந்தும், மன்னித்துவிடுவேன்:
நெற்றிக்குப் பின்னால் இன்னும் கட்டட வேலை நடக்கிறது,
இருபத்தைந்து வயதுவரை சாரம் பிரிக்கமாட்டார்கள்.

யதுமிகாவின் அலை
எருமைத் தயிரில் ஏடு அசைந்த அளவு.
வகுப்பாசிரியரின் படிவத்தில் முன்பே எழுதியிருந்தது:
கவனம் இல்லை. கொட்டாவி. எந்நேரமும் சன்னல்.
நானும் பென்சிலை எடுத்துவிட்டேன்.

பிறகு
இருநூற்றுப் பதினேழாவது ஒலிக்கும் அடுத்ததற்கும் நடுவில்,
நான் ஒன்றுமே வைக்காத
வெறும் ஒன்றரைச் செக்கனில்
முப்பத்திரண்டு கோடுகளும் ஒன்றாய் நிமிர்ந்தன.
வயர் கழன்றதென்று றினோஸ் குனிந்தான்.
ஒன்றும் கழலவில்லை.
அவள் தலையைக்கூட அசைக்கவில்லை,
மூச்சை மட்டும் பிடித்திருந்தாள்.

“என்ன புள்ள?”
“வெடி, மிஸ்.”
“எனக்குக் கேக்கல்லியே.”
“தூரத்த, குளத்துப் பக்கம். ரெண்டாவது வெடி.
முதல் வெடிக்கு ஆனை போகல்ல போல.
அது நீங்க தொப்பி போடக்குள்ள கேட்டிச்சி.”

மடிக்கணினியின் ஒலிப்பதிவில் தேடினோம்.
சில்வண்டு. என் பென்சில் உருண்டது.
டிக், டிக். வேறொன்றும் இல்லை.

பின்னேரம் சைக்கிளில் ஏற்ற வந்த தாய் சொன்னாள்:
போன கிழமை குசினிச் சுவரைத் தள்ளிப்போட்டுது,
உள்ளுக்கு நெல்லு மூட்டை.
நானும் அவரும் மாறி மாறி முழிச்சிருப்பம்.
இவளுக்கு முறை இல்ல,
ஆனா எங்களுக்கு முன்ன இவள்தான் எழும்புறாள்.

என் வினாக்கொத்தில் உறக்கத்துக்கு நாலு கேள்வி:
தொலைபேசி பார்ப்பாரா, தேநீர் குடிப்பாரா,
தனி அறையா, எத்தனை மணிக்கு.
யானைக்குப் பெட்டி இல்லை.

“எனக்கு எத்தின மார்க்ஸ், மிஸ்?”
நாற்பத்தெட்டுக்கு இருபத்தைந்து என்றேன்,
யோசியாமல்.
பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாய் உதிரக்
கரியரில் ஏறி உட்கார்ந்தாள்,
முகத்தைக் காட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு.

இரவு, மட்டக்களப்பு விடுதியில்
தரவைச் சுத்தம் செய்கிறேன்.
நூறு மைக்ரோவோல்ட்டுக்கு மேலே எது எழுந்தாலும் வெட்டு:
இருமல், பல் நெறுமல், கண் சிமிட்டல்.
விதியை எழுதியது நான்தான்,
வேறொரு நாட்டில், கதவு இரண்டு போட்ட அறையில்,
சம்பளத்துக்கு வந்த மாணவத் தலைகள்
சொன்னபடி அமைதியாயிருந்த ஒரு குளிர்காலத்தில்.

மென்பொருள் கேட்கிறது: காரணம்?
யானை என்று தட்டினேன்.
பட்டியலில் இல்லை என்றது.
அசைவு என்று போட்டேன்.
அவள் அசையவில்லை.
அழித்தேன்.

அடுத்தது, இருநூற்றுப் பதினெட்டு, டொங்.
அதைத் தவறவிட்டிருக்கிறாள்,
சிவப்பில் கிடக்கிறது.

அப்போதுதான் கேட்டது, அறை மூலையில்
பிரிட்ஜின் மோட்டார்.
எத்தனை மாதமாய் ஓடிக்கொண்டிருக்கிறதோ.
எழும்பிப் போய் பிளக்கைக் கழற்றினேன்,
தயிர்ச் சட்டி உள்ளே இருக்கிறது, இருக்கட்டும்.
சன்னலைத் திறந்தேன்.

ஒரு நாய்.
கல்லடிப் பாலத்தில் கடைசி பஸ்.
பிறகு