நாற்பத்தாறு கிராம்

இரவு பதினொரு மணி. தூன் நகரில் மூன்றாம் மாடி.
சமையலறைத் தராசு மட்டும் வெளிச்சமாய் இருந்தது.

இரண்டு சட்டிகளையும் நகத்தால் தட்டிப் பார்த்தேன்.
டைட்டானியம் ‘டிங்’ என்று பேச்சை முடித்துக்கொண்டது.
அலுமினியம் கொஞ்சம் இழுத்தது.

நூற்றிரண்டு கிராம்.
நூற்று நாற்பத்தெட்டு.
வித்தியாசத்துக்கு விலை எழுபது பிராங்க்.
கிராம் கணக்கில் குங்குமப்பூவைவிட மலிவு என்றாள்
ஊர்சினா, ஏற்கெனவே வாங்கிவிட்டவள்.

கடையில் சொல்லாத ஒன்று உண்டு:
கட்டிக்குக் கட்டி வைத்தால் அலுமினியம்தான் இலேசு.
டைட்டானியம் கனத்த பிறவி.
தன் உறுதியை நம்பி
உடம்பைத் தாளாக இளைத்துக்கொண்டது.
இலேசாவதற்கு இப்படியும் ஒரு வழி.

சனிக்கிழமை காண்டர்ஸ்டேக்கிலிருந்து ஏறினோம்.
ஏரி காலடியில் சுருங்கி
யாரோ வைத்துவிட்டுப் போன தட்டுப் போலக் கிடந்தபோது
அவள் ரவையை அடுப்பில் ஏற்றினாள்.

காற்று. தீ ஒரு பக்கம் சாய்ந்தது.
சாய்ந்த இடத்தில் மட்டும் கரிந்தது ரவை;
இரண்டு விரல் தள்ளி இன்னும் பச்சை.
பட்ட சூட்டைப் பட்ட இடத்திலேயே
வைத்துக்கொள்கிற தகடு அது.
அடியில் நீலமும் ஊதாவும் பூத்தன.
அழகுதான். தின்ன முடியாது.

என் சட்டிக்கு ரகசியம் தங்காது.
ஒரு மூலையில் சொன்னால் போதும்,
சுற்றிவர எல்லோருக்கும் தெரிந்துவிடும்.
ரவை பொலபொலவென்று வந்தது.
ஆனால் அதிலேயே தேநீர் காய்ச்சி
வாய் வைத்துக் குடித்து உதட்டைச் சுட்டுக்கொண்டதும் நான்தான்.
பாறையில் உருண்டு விளிம்பு நெளிந்ததும்
என்னுடையதுதான்.
கூடார முளைகளைப் பற்றிக் கேட்காதீர்கள்.
என் மூன்று அலுமினிய முளைகள்
கல்லைக் கண்டதும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டன.

“பிறகு எதற்கு அந்த நாற்பத்தாறு கிராமைத் தூக்குகிறாய்?
அதுவும் அந்தக் காலோடு?”

அந்தக் கால்.
மூன்று பனிக்காலத்துக்கு முன்
பஸ் தரிப்பில் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே இரண்டாக.
ஒரு தகடு, ஏழு திருகாணி.
போன மார்ச்சில் திரும்ப எடுத்து, கழுவி,
சின்னப் பொலித்தீன் பையில் போட்டு
என் பெயரும் பிறந்த தேதியும் ஒட்டிக்
கையில் தந்தார்கள், கடையில் மீதிச் சில்லறை தருவது போல.
டைட்டானியம்.
அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று
யாரும் சொல்லவில்லை.
கரண்டிகள் கிடக்கிற இழுப்பறையில் போட்டுவைத்தேன்.

அன்றிரவு தராசை அணைக்குமுன்
அதையும் ஏற்றிப் பார்த்திருந்தேன்.
நாற்பத்தைந்து.

“ஒரு கிராம்தான் கூட” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.
கரிந்ததைச் சுரண்டிச் சுரண்டிக் களைத்து
நீளக் கரண்டியை
என் சட்டிக்குள் விட்டாள்.