தேர் நாளில் மின்தடை

ஒன்பது மணிக்கே ஃப்யூஸ் பிடுங்கியாச்சு.
ரதவீதிக் கம்பிகளைக் கழற்றிவிட்டு
கம்பத்து உச்சியில் நான்.
கீழே ஐஸ்கடை அத்தப்பன் கத்துகிறார்:
"ஏனுங்க, கரண்டு எப்பங்க உடுவீங்க?"

தேரைக் கேளுங்கள்.
நேற்று சாயங்காலம் பேங்க் முக்கில் நின்றது
விடிந்தும் அங்கேயேதான்,
ஒரு சக்கரம் சாக்கடை மூடியில் இறங்கி.

கட்டை போடுகிறவர்கள் கூவ,
வடம் விறைத்துத் தளர்ந்து மறுபடி விறைத்து
வந்தேவிட்டது அவிநாசித் தேர்
பாதி வெயிலை மறைத்துக்கொண்டு.

ஊர் அண்ணாந்து பார்க்கும் சாமி
எனக்கு நேர் மட்டத்தில்.
பக்கத்தில் குருக்கள், கழுத்தெல்லாம் வேர்க்குரு,
தண்ணி இருக்கா என்று கட்டைவிரலால் கேட்கிறார்.

இடுப்புப் பாட்டிலை நீட்டினேன்.
அவர் வாங்கவும் தேர் நகரவும் சரியாக இருந்தது.

போன சித்திரைப் பாட்டிலே இன்னும் வரவில்லை.