மடிக்கிற சீட்

கந்தப்பளையிலிருந்து மூன்று பஸ் ஏறி
குருநாகலுக்குப் போனோம், வேன் பார்க்க.
"பின் சீட்டை மடிச்சா பதினொரு மூட்டை"
என்றார் விற்கிறவர்.
"மடிச்சா நாங்க எங்க?"
சிரித்தார். அவர் கணக்கில் அது இல்லை.

இவர் லீக்ஸ் மூட்டையால் அளந்தார்.
நான் செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே ஏறிக்
காலை நீட்டிப் படுத்துப் பார்த்தேன்.
நிலுக்ஷி பிறந்த இரவு
கிழங்கு லொறியில்
கயிற்றைப் பிடித்து நின்றபடியே
நுவரெலியா ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தவள்.

லீசிங் தாளில் இருவர் கையெழுத்தும்.

முதல் லோட் தம்புள்ளைக்கு.
ஒரு பக்கம் மட்டும் மடித்தோம்,
ஐந்து மூட்டை.
இறுக்கிக் கட்டியதால்
றம்பொடை வளைவுகளில்
அவை அசையவே இல்லை.
நாங்கள்தான்
கரட் கடிக்கிற நிலுக்ஷியை நடுவில் வைத்து
ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சாய்ந்து
இறங்கினோம்.