அளவு: பூஜ்யம்

பள்ளத்தூரில் நகரக் கோயில் அலுவலகம்.
மின்விசிறியை மூன்றில் வைத்தாலும் ஒன்றில்தான் ஓடுகிறது.
"புது மிசின் வாங்கியாச்சு," என்றார் கணக்குப் பார்க்கும் வயிரவன்.
"பழசுல இருக்கிறது அம்புட்டும் வரணும்.
புள்ளிக் கணக்கு அப்படியே வரணும்.
உமையாள் ஆச்சி பேரு மட்டும் வேண்டாம்,
அவுக போயி ரெண்டு வருசமாச்சு."

எங்கே போய் என்று நான் கேட்கவில்லை.
காரைக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்தவள்,
மணிக்கு முந்நூறு ரூபாய்.

மென்பொருள் எழுதியவன் கம்பெனியை மூடிவிட்டான்.
சிடி கோப்பைக்கு அடியில் கிடந்து வட்டக் கறையாகிவிட்டது.
உரிம எண், ரசீதின் ஓர அளவு, பிரிண்டரின் பிடிவாதம்
எல்லாம் இனி ரெஜிஸ்ட்ரியில் மட்டும்தான்.
அது விண்டோஸின் பேரேடு.
இயந்திரம் காலையில் கண் விழித்து
தான் யார் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது.

தேடிப் போனேன்.
சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம் முப்பத்திரண்டு, கான்ஃபிக்:
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி.
அங்கே ஐந்து கோப்புகள்,
பெயருக்குப் பின்னால் புள்ளி இல்லாதவை,
இன்ன வகை என்று சொல்லிக்கொள்ளாதவை.
நகலெடுக்கக் கை வைத்தால்
பயன்பாட்டில் உள்ளது என்கிறது.
ஓடுகிற கடையில் பேரேட்டை யார் தருவார்கள்?

பக்கத்திலேயே ரெக்பேக் என்றொரு ஃபோல்டர்.
அப்பாடா, தானே காப்பு எடுத்திருக்கிறது என்று திறந்தேன்.
அதே ஐந்து பெயர்கள்.
அளவு: பூஜ்யம்.
பூஜ்யம். பூஜ்யம்.
மிச்ச இரண்டையும் பார்க்காமலே தெரிந்தது.
ஏதோ ஒரு அப்டேட்டில் வழக்கத்தை நிறுத்தியவர்கள்
பெயர்ப்பலகையைக் கழற்றவில்லை.

பென் டிரைவிலிருந்து எழுப்பி,
அது தன்னை மறந்திருந்த நேரத்தில் ஐந்தையும் எடுத்தேன்.
கணக்கு மென்பொருளின் உரிமம் அவற்றில் இல்லை.

"தினம் எந்தப் பேரில் உள்ளே போறீங்க?"
வயிரவன் கண்ணாடியைத் துடைத்தார்.
"உமையாள்னுதான். பாஸ்வேர்டு இந்தா, காலண்டர் பின்னால."

ரெஜ்எடிட் திறந்தது.
தற்போதைய பயனர் என்ற மஞ்சள் உறைக்குள்
எண் இருந்தது, ஓரம் இருந்தது, பிரிண்டர் இருந்தது.
தலைப்பு ஒன்று: புள்ளி.
தலைப்பு இரண்டு: புள்ளி.

கட்டியவர் இருவரும் இருந்தால் ஒரு புள்ளி.
துணை போனால் மிஞ்சியவர் அரைப்புள்ளி, வரியும் பாதி.
இது இந்த ஊர்க்காரி இல்லாத எனக்கே தெரியும்.
விகிதத்தைப் பார்த்தேன்: ஐம்பது சதவீதம், சரியாக.
தொகையில் கை வைக்கவில்லை.
ஒரு சொல்லில் பாதியை மட்டும் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்தால்
கடைசியாக எழுதிய நேரமும் சேர்ந்து வரும்.
ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு பதின்மூன்று.
அலுவலகம் சாப்பாட்டுக்குப் பூட்டியிருக்கும் வேளை.
"ஆச்சி எப்ப வேலைக்கு வந்தாக?"
"அண்ணன் தவறிப் பதினாறாம் நாளு கழிச்சு.
ஏன், எதுவும் கெட்டுப்போச்சா?"

கெட்டுப்போகவில்லை என்றேன்.
நான் காப்பு எடுக்க வந்தவள்.

புது இயந்திரத்தில் அலுவலகம் என்று ஒரு பயனர்.
ஏற்றுமதி செய்த கோப்பை முழுக்கத் தேடினேன்,
உமையாள் என்று எங்கும் இல்லை.
யார் வந்து உட்கார்ந்தாலும் அது
தற்போதைய பயனர் என்றுதான் எழுதிக்கொள்கிறது.
அவர் கேட்டபடி பெயர் வரவில்லை.
இரண்டு முறை அழுத்தினேன். ஆம். சரி.

"ஒரு அரைப்புள்ளி ரசீது அடிச்சுப் பாப்பமா?"
பிரிண்டர் இருமியது, தாளைக் கடித்தது, விட்டது.
வயிரவன் வெளிச்சத்தில் பிடித்து
தொகையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.
விரல் தலைப்புக்குப் போகவில்லை.
"அப்படியே வந்திருச்சு," என்றார்.

பில்லில் எழுதினேன்:
வேலை, ரெஜிஸ்ட்ரி காப்பு. இரண்டரை மணி நேரம்.
மாற்றங்கள், எதுவுமில்லை.